அமெரிக்க ராணுவத் தளத்துக்குள் பைக்கில் போக: கேட்டில் திருப்பி அனுப்பப்படாமல் இருக்க என்னென்ன வேண்டும்

டெக்சாசில் ஒரு ராணுவத் தளத்தில் ஒப்பந்த ஊழியராகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, ஒரே கேட்டிலிருந்து மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டேன். முதல் நாள் காலில் கான்வாஸ் ஷூ. இரண்டாம் நாள் பாஸ் இன்னும் தயாராகவில்லை. மூன்றாம் நாள் பைக் பயிற்சி முடித்த சான்றிதழ் கையில் இருந்தது, ஆனால் லைசென்ஸில் பைக்குக்கான 'எம்' வகுப்பு ஏறவில்லை. மூன்று முறையும் காவலர் "சார், சார்" என்று மரியாதையாகவே பேசினார். அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

காரில் போகிறவருக்குக் கேட் என்பது பத்து விநாடி வேலை. கண்ணாடியை இறக்குவார், கார்டை நீட்டுவார், போய்விடுவார். பைக்கில் போகிறவருக்கு இரண்டு கையிலும் ஏற்கெனவே வேலை இருக்கிறது, முகம் மூடியிருக்கிறது, கார்டு ஜாக்கெட்டுக்குள் எங்கோ கிடக்கிறது. போதாததற்கு உடுப்பு விதியும் உண்டு. காரில் வருபவரின் செருப்பை யாரும் பார்ப்பதில்லை. நம்முடையதைப் பார்ப்பார்கள்.

கீழே சொல்லியிருப்பது அமெரிக்காவிலுள்ள தளங்களுக்கு. லைசென்ஸ் விவரங்கள் டெக்சாசுடையவை. அடிப்படை விதிகள் பாதுகாப்புத் துறையின் 6055.04 என்ற உத்தரவிலிருந்து வருகின்றன, எல்லாத் தளத்துக்கும் பொது. அதற்கு மேல் ஒவ்வொரு தளமும் தன் பங்குக்கு ஒன்றிரண்டு சேர்த்திருக்கும். அதனால் அந்தத் தளத்தின் சேஃப்டி ஆபீசுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். நான் போடவில்லை. "பைக்கா? ஒன்றும் பிரச்சினையில்லை" என்று எங்கள் கம்பெனியில் சொன்னதை நம்பினேன்.

1. முதலில் உங்களிடம் எந்தக் கார்டு என்று பாருங்கள்

படைவீரர்கள், பாதுகாப்புத் துறையின் நேரடி ஊழியர்கள், பல ஒப்பந்த ஊழியர்கள் ஆகியோரிடம் சிஏசி என்ற பாதுகாப்புத் துறை அடையாள அட்டை இருக்கும். எல்லோரும் அதைக் 'கேக்' என்றுதான் சொல்வார்கள். "உங்கள் கேக் எங்கே?" என்று யாராவது கேட்டால் குழம்ப வேண்டாம். குடும்பத்தினருக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் தனி அடையாள அட்டை உண்டு.

சிஏசி கிடைக்காத ஒப்பந்த ஊழியருக்கும், அடிக்கடி வந்துபோகும் மற்றவர்களுக்கும் 'டீபிட்ஸ்' என்ற பதிவு முறை. புகைப்படமும் கைரேகையும் எடுத்து ஒரு கார்டோ காகிதப் பாஸோ தருவார்கள். இதற்கு உங்களுக்காகக் கேட்கத் தளத்துக்குள் ஒருவர் வேண்டும். அவர்தான் ஸ்பான்சர். ஸ்பான்சர் விண்ணப்பிக்காமல் நீங்கள் நேராகப் போய் நின்றால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சிஏசி வைத்திருப்பவர் தன்னோடு வருபவருக்குப் பொறுப்பேற்று உள்ளே அழைத்துப்போகும் ஏற்பாடு சில தளங்களில் உண்டு. பைக்கின் பின்சீட்டில் வருபவருக்கும் அது பொருந்தும். ஆனால் பாதுகாப்பு நிலை உயர்ந்தால் முதலில் நிறுத்தப்படுவது அதுதான். ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருக்கும் தம்பியை அந்த நம்பிக்கையில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். வெளிநாட்டுக் குடிமக்களுக்கு முன்அனுமதி தனி, அதற்குப் பல வாரம் ஆகலாம்.

2. லைசென்ஸும் பயிற்சியும்: அதிக நாள் பிடிப்பது இதுதான்

தம்பிகளே, ஊரில் பத்து வருடம் ஓட்டிய கணக்கு இங்கே செல்லாது. இந்திய லைசென்ஸைக் கொடுத்து டெக்சாஸ் லைசென்ஸாக மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு கிடையாது. குடியேறியவர் 90 நாளுக்குள் டெக்சாஸ் லைசென்ஸ் எடுத்தாக வேண்டும், பைக்குக்கு அதில் 'எம்' வகுப்பு இருக்க வேண்டும்.

'எம்' வாங்க மாநிலம் அங்கீகரித்த ஆரம்பப் பயிற்சியை முடிக்க வேண்டும். சில மணி நேரம் பாடம், மீதி மைதானத்தில் ஓட்டுவது, பெரும்பாலும் ஒரு சனி ஞாயிறில் முடிந்துவிடும். செலவு இடத்தைப் பொறுத்து 200 முதல் 400 டாலர் வரை. பைக்கை அவர்களே தருவார்கள். 18 வயதுக்கு மேற்பட்டு ஏற்கெனவே கார் லைசென்ஸ் இருந்தால், இந்தச் சான்றிதழைக் காட்டினால் சாலைத் தேர்வு இல்லை.

நான் விழுந்த பள்ளம் இங்கேதான். சான்றிதழ் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். சான்றிதழ் லைசென்ஸ் ஆகாது. அதை எடுத்துக்கொண்டு லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போய் 'எம்' ஏற்றிக்கொள்ள வேண்டும். அங்கே ஆன்லைனில் நேரம் பதிவு செய்யாமல் போனால் பலன் இல்லை, பெரிய ஊர்களில் அந்த நேரம் கிடைக்கவே பல வாரம் ஆகும். அதனால் பயிற்சிக்குப் பணம் கட்டும் அன்றே அலுவலக நேரத்தையும் பதிவு செய்துவிடுங்கள். பயிற்சி முடிவதும் உங்கள் முறை வருவதும் ஏறக்குறைய ஒன்றாக அமையும்.

நீங்கள் படையில் இருந்தால் கதை வேறு. பைக் ஓட்டும் எல்லாப் படைவீரருக்கும் பயிற்சி கட்டாயம், தளத்துக்கு வெளியே மட்டும் ஓட்டினாலும் கட்டாயம். ஆனால் காசு கிடையாது, படையே ஏற்பாடு செய்யும். பைக் வாங்குவதற்கு முன்பே உங்கள் பிரிவில் மோட்டார்சைக்கிள் பொறுப்பாளராக இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள். வாங்கிவிட்டுச் சொன்னால், பயிற்சி கிடைக்கும் வரை பைக் வீட்டு வாசலில் வெயில் காயும். முதல் பயிற்சியோடும் முடியாது. அடுத்த கட்டமும் மறுபயிற்சியும் உண்டு, எப்போது என்பது படைக்குப் படை மாறும்.

சிவிலியன்களிடம் பயிற்சி அட்டையைப் பல கேட்டுகளில் கேட்பதில்லை. கேட்கும் நாளும் வரும். ஒரு நகலை சீட்டுக்கடியில் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

3. வண்டிப் பேப்பர்கள்

பதிவுச் சீட்டும் இன்சூரன்ஸும் போதும். டெக்சாசில் பைக் பதிவின் அடிப்படைக் கட்டணம் வருடத்துக்கு 30 டாலர், அதன் மேல் கவுண்டிக் கட்டணங்கள் ஏறும். குறைந்தபட்ச இன்சூரன்ஸ் அளவு: காயத்துக்கு ஆளுக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தம் 60,000, பொருள் சேதத்துக்கு 25,000. 2025 ஜனவரியிலிருந்து தனியார் வண்டிகளுக்கு வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனை எடுக்கப்பட்டுவிட்டது, ஆகவே அந்தச் சீட்டைத் தேட வேண்டாம்.

இன்சூரன்ஸைப் போனில் காட்டலாம் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. இருந்தாலும் அச்சடித்து வையுங்கள். கையுறையோடு, வெயிலில், பின்னால் நாற்பது கார் நிற்க, போன் திரையைத் தேய்த்துக்கொண்டு நிற்பது பெரிய தண்டனை.

4. உடுப்பு: திருப்பி அனுப்பப்படும் முதல் காரணம்

டெக்சாசில் 21 வயதுக்கு மேற்பட்டவர் பயிற்சியோ மருத்துவ இன்சூரன்ஸோ வைத்திருந்தால் ஹெல்மெட் இல்லாமலே ஓட்டலாம். இல்லினாய் மாநிலத்தில் ஹெல்மெட் சட்டமே இல்லை. அதெல்லாம் தளத்தின் வேலி வரைக்கும்தான். உள்ளே நுழையும் ஒவ்வொருவருக்கும், பின்சீட்டில் இருப்பவருக்கும், இவை கட்டாயம்:

ஹெல்மெட். பின்பக்கம் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தரத்தைக் குறிக்கும் 'டாட்' ஸ்டிக்கர் இருக்க வேண்டும். 2013-க்குப் பிறகு வந்த ஸ்டிக்கரில் 'டாட்' என்ற எழுத்தோடு தயாரிப்பாளர் பெயர், மாடல், 'எஃப்எம்விஎஸ்எஸ் எண் 218', 'சர்டிஃபைடு' என்ற சொல் எல்லாம் இருக்கும். வெறும் மூன்று எழுத்து மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். உள்ளே ஒரு அங்குல அளவுக்கு மெத்தை இல்லாமல் சட்டி மாதிரி லேசாக இருப்பது அலங்கார ஹெல்மெட், அது ஆகாது. ஊரிலிருந்து கொண்டுவந்த ஐஎஸ்ஐ முத்திரை மட்டும் உள்ள ஹெல்மெட்டும் ஆகாது. ஐரோப்பிய இசிஇ 22.05 தரத்தையும் ஸ்னெல் தரத்தையும் விதி ஏற்கிறது, ஆனால் கேட்டில் நிற்பவரின் கண் தேடுவது 'டாட்' ஸ்டிக்கரைத்தான்.

கண் பாதுகாப்பு. ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியோ, உடையாத வகைப் பாதுகாப்புக் கண்ணாடியோ வேண்டும். பைக்கின் முன்பக்கக் கண்ணாடி கணக்கில் வராது. இரவுப் பணி உள்ளவர்கள் கறுப்பு வைசரோடு போய் மாட்டிக்கொள்ளாதீர்கள், தெளிவான ஒன்று கூடவே இருக்கட்டும்.

முழுக்கை ஜாக்கெட் அல்லது சட்டை, முழுக்கால் பேன்ட், கணுக்காலுக்கு மேலே வரும் உறுதியான ஷூ, விரல்கள் முழுதும் மூடும் கையுறை. ஆகஸ்ட் வெயிலிலும் இதேதான், விதிக்கு வெயில் தெரியாது. காற்று புகும் வலை ஜாக்கெட் வாங்கினால் பிழைத்தீர்கள். ஒளியைப் பிரதிபலிக்கும் மேல்சட்டை எல்லா இடத்திலும் கட்டாயமில்லை, சில தளங்கள் கேட்கின்றன. பத்து டாலர் பொருள், வாங்கிப் போட்டுக்கொண்டால் பேச்சே இல்லை.

எனக்கு மொத்தமாக ஏறக்குறைய 400 டாலர் ஆனது. ஹெல்மெட்டில் பாதி போயிற்று. கான்வாஸ் ஷூவுக்குப் பதிலாக வாங்கிய பூட்ஸ் கட்டிடத் தொழிலாளர்கள் போடும் வகை, பைக் கடையில் விற்பதைவிட விலை குறைவு. கேட்டில் யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

5. விசிட்டர் சென்டர்

சிஏசியோ, குடும்பத்தினர், ஓய்வுபெற்றவர்களுக்கான அட்டையோ இல்லாதவர்களுக்கு மட்டும் இது. கேட்டுக்கு வெளியே, பெரும்பாலும் முதன்மை நுழைவாயிலை ஒட்டி இருக்கும். முதல் நாள் பாஸை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். வேலை தொடங்கும் திங்கட்கிழமை காலையில் வாங்கலாம் என்று நினைத்தால் பாதி ஊர் உங்களுக்கு முன்னால் நிற்கும். பயிற்சி முடித்த வீரர்களின் அணிவகுப்பு நடக்கும் தளங்களில் அந்த வாரம் பெற்றோர் கூட்டம் வேறு. செவ்வாய், புதன் மதியங்களில்தான் நான் காத்திருக்காமல் வெளியே வந்திருக்கிறேன்.

கையில் இருக்க வேண்டியது: 2025 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த ரியல் ஐடி தரத்திலான லைசென்ஸ். மேல் மூலையில் நட்சத்திரம் இருக்கும். நட்சத்திரம் இல்லையா, பாஸ்போர்ட்டையும் எடுத்துச் செல்லுங்கள். கிரீன் கார்டு இருந்தால் அதுவும். ஸ்பான்சரின் பெயரும் போன் எண்ணும் காகிதத்தில் எழுதியிருக்கட்டும். குற்றப் பின்னணிச் சோதனை அங்கேயே நடக்கும். பழைய டிராஃபிக் டிக்கெட்டைக் கட்டாமல் விட்டு அது வாரண்டாக மாறியிருந்தால் இங்கே வெளியே வரும், ஆகவே அதை முன்பே முடித்துவிடுங்கள். பாஸுக்குக் கட்டணம் இல்லை.

என் இரண்டாம் நாள் இங்கே போனது. ஸ்பான்சர் விண்ணப்பத்தை முந்தின நாள் மாலைதான் அனுப்பியிருந்தார். "அனுப்பிவிட்டேன்" என்று அவர் சொன்னது உண்மை. அது அங்கீகரிக்கப்பட்டுவிட்டதா என்று நான் கேட்கவில்லை. இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் மூன்று வேலை நாள் இருந்தது.

6. வீட்டிலிருந்து கிளம்பும் முன்: பெட்டியையும் பையையும் காலி செய்யுங்கள்

டெக்சாசில் இருப்பவர்களுக்கு மிக முக்கியம் இது. 2021 செப்டம்பரிலிருந்து இங்கே தகுதியுள்ள பெரியவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியைக் கூடவே எடுத்துப் போகலாம். அந்த அனுமதி தளத்துக்குள் செல்லாது. கூட வேலை செய்யும் ஒருவரின் பைக்கை வார இறுதிக்குக் கடன் வாங்கினால் பக்கப் பெட்டியைத் திறந்து பாருங்கள், விளையாட்டில்லை. கஞ்சா சார்ந்த எதுவும் அப்படியே: அடுத்த மாநிலத்தில் கடையில் சட்டப்படி வாங்கிய மிட்டாயாக இருந்தாலும் உள்ளே கூட்டாட்சிச் சட்டம்தான். கத்தியின் நீள வரம்பு தளத்துக்குத் தளம் மாறும், சாவிக்கொத்தில் தொங்குவதைக் கழற்றி வைத்துவிடுவது சுலபம்.

எதிர்பாராத நேரத்தில் வண்டிச் சோதனை நடக்கும். பக்கப் பெட்டிச் சாவி பைக் சாவியோடு சேர்ந்தே இருக்கட்டும்.

7. கேட்டுக்குள் நுழையும் அந்த ஒரு நிமிடம்

கேட் கண்ணில் படுவதற்கு முன்பே, பாதுகாப்பான இடத்தில் ஓரமாக நிறுத்தி கார்டை எடுத்து வையுங்கள். எங்கே வைப்பது என்பதற்கு நான் எல்லாவற்றையும் முயன்றுவிட்டேன். கழுத்தில் தொங்கவிட்டால் காற்றில் பறந்து ஹெல்மெட்டில் அடிக்கும், ஒருநாள் கயிறு அறுந்து போகும். பேன்ட் பையில் வைத்தால் உட்கார்ந்தபடி எடுக்க முடியாது. வாயில் கவ்விக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்தக் கார்டைக் கையில் வாங்கும் காவலரின் முகத்தையும் பார்த்திருக்கிறேன். ஜாக்கெட்டின் இடது தோள்பக்க ஜிப் பையோ, டேங்க் மேலே வைக்கும் பையோதான் சரி. சிஏசி சாலையில் விழுந்து தொலைந்தால் உடனே புகார் செய்ய வேண்டும், புதிது வாங்கும் வரை பாதி வேலை நிற்கும்.

வரிசையில் கார்களுக்கு நடுவே புகுந்து முன்னால் போகாதீர்கள். ஊர்ப் பழக்கம் கை துறுதுறுக்கும். டெக்சாசில் அது சட்டவிரோதம், அதோடு ஆயுதம் வைத்திருக்கும் காவலர்களை நோக்கி வரிசையை மீறி வரும் பைக் எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாக வைத்திருக்கும் தடுப்புகளுக்கு இடையே முதல் கியரில் மெதுவாக வாருங்கள். இரவில் லோ பீம் போதும். பெரும்பாலான பைக்குகளில் விளக்கை அணைக்கவே முடியாது என்பது காவலர்களுக்குத் தெரியும். கார்கள் நின்று நின்று போகும் தடத்தின் நடுவில் எண்ணெய் சொட்டியிருக்கும், காரின் இடது சக்கரம் போகும் கோட்டில் வந்து நில்லுங்கள்.

நின்றதும் நியூட்ரல், இரண்டு காலும் தரையில். பிறகு வைசரை மேலே தூக்கி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, காதுக்குள் பாட்டு ஓடினால் நிறுத்துங்கள். அதன் பின் வலது கையுறை. கார்டு இன்னும் உள்ளே இருந்தால் "ஜாக்கெட்டில் இருக்கிறது, எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கையை விடுங்கள். சொல்லாமல் மார்புக்குள் கையை விடுவது நல்ல யோசனை இல்லை. கார்டிலுள்ள முகத்தோடு ஒப்பிட ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்வார்கள், தாடையோடு சேர்த்து மேலே தூக்கும் வகை ஹெல்மெட் இருந்தால் பெரும்பாலும் அதுவே போதும். பின்சீட்டில் இருப்பவரும் தன் அட்டையைத் தானே காட்ட வேண்டும். நாலைந்து பைக்குகள் ஒன்றாக வந்தால் ஒவ்வொன்றும் தனியாக நிற்கும், ஒருவர் காட்டியதும் கூட்டமாகப் பின்தொடர முடியாது.

வாங்கிய கார்டைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்த பிறகே நகருங்கள். பின்னால் இருப்பவர் ஹார்ன் அடிக்க மாட்டார், இது ராணுவக் கேட்.

வீட்டில் நிறுத்திய பைக்கில் கையுறையோடு உட்கார்ந்து இதை ஐந்தாறு தடவை செய்து பாருங்கள். சிரிப்பாக இருக்கும். எனக்கு முதலில் ஒரு நிமிடம் ஆனது, இப்போது பத்து விநாடி.

8. காவலர் போகச் சொன்ன பிறகுதான் ஆபத்தான பகுதி

பெரும்பாலானவர்கள் இங்கே ஆக்சிலேட்டரைத் திருகுவார்கள். கேட்டைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் தரையிலிருந்து எழும் இரும்புத் தடுப்போ குறுக்கே இழுக்கும் கம்பித் தடுப்போ இருக்கும். யாராவது நிற்காமல் பாய்ந்து போனால் அதை எழுப்புவார்கள். மேலே வண்டி இருக்கும்போது எழாமல் இருக்கத் தரையில் சென்சார் வளையம் பதித்திருப்பார்கள், ஆனால் அது காரின் உலோகத்துக்காக வைத்தது. பைக்கைக் கவனிக்காமல் விட்டுவிடலாம். ஆகவே முன்னால் போகும் காருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள், தடுப்பின் மேல் நிற்காதீர்கள், சிவப்பு விளக்கு மின்னினால் அதற்கு முன்பே நின்றுவிடுங்கள். மழையில் அந்த இரும்புத் தகடு சோப்புப் போட்ட மாதிரி வழுக்கும். பைக்கைச் சாய்க்காமல், பிரேக் பிடிக்காமல், நேராகக் கடக்க வேண்டும்.

9. உள்ளே

வேக வரம்பு குறைவு. படைவீரர்கள் வரிசையாக ஓடும்போது ஊர்ந்துதான் கடக்க வேண்டும். போனைக் கையில் பிடித்தால் டிக்கெட். அது மாநில நீதிமன்றத்துக்குப் போகாது, பெரும்பாலும் 1805 எண் படிவத்தில் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போகும். மாலையில் கொடி இறக்கும் இசை ஒலித்தால் பல தளங்களில் வண்டிகள் எல்லாம் நிற்கும், நீங்களும் ஓரமாக நிறுத்திவிடுங்கள். கட்டிடச் சுவரை ஒட்டிப் பைக்கைச் சொருகி நிறுத்தும் பழக்கத்தை மறந்துவிடுங்கள், பத்து நிமிடத்தில் ஆள் வருவார்கள்.

கேட்டையோ காவலர்களையோ ஹெல்மெட் கேமராவில் பதிவு செய்யாதீர்கள். கேமரா அணைந்திருந்தாலும் கேள்வி வரும். கழற்றிப் பையில் போட்டுவிட்டு வாருங்கள்.

10. திருப்பி அனுப்பினால்

வாதாட வேண்டாம். காவலர் கையில் முடிவு இல்லை, அவர் பட்டியலைத்தான் பார்க்கிறார். திரும்பிப் போவதற்கென்று தனித் தடம் இருக்கும், அவர் காட்டும் வழியில் மட்டும் திரும்புங்கள். என்ன குறை என்பதை அப்போதே ஒரே வரியில் கேட்டுக்கொள்ளுங்கள், வெளியே வந்து யோசித்தால் "ஷூவா, பாஸா?" என்று குழப்பம் வரும். தளத்தை விட்டு வெளியே வந்து பைக்கை நிறுத்திய பிறகு மேலாளருக்கு போன் செய்யுங்கள். முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் காரில் வரும் ஒரு சக ஊழியரிடம் முன்பே சொல்லி வைத்திருங்கள். கேட்டுக்கு வெளியே விசிட்டர் சென்டர் நிறுத்துமிடத்தில் பைக்கை விட அனுமதி உண்டா, எத்தனை மணி நேரம் என்பதையும் பாஸ் வாங்கப் போகும் நாளிலேயே கேட்டு வையுங்கள். என் மூன்றாம் நாள் அப்படித்தான் தப்பியது. பைக் அங்கேயே நின்றது, நான் ஒருவரின் காரில் ஏறி எட்டு நாற்பதுக்கு மேசைக்கு வந்துவிட்டேன். பைக்கை வீட்டுக்குக் கொண்டுபோக, 'எம்' வைத்திருந்த இன்னொருவரை மாலையில் கெஞ்ச வேண்டியிருந்தது.